வலது இருக்கை

தரையில் வைத்தே விமானிகளைச் சோதிக்கும் சிமுலேட்டர் பெட்டிக்குள், பின்னிருக்கையில் கேப்டன் வரதராஜனின் விரல் கோளாறு கொடுக்கும் பொத்தான்மேல் இருந்தது. சற்றுமுன் நண்பரின் மகன் ஓடுபாதையை விட்டு விலகி இறக்கியபோது, "பதட்டம்தான், பரவால்ல" என்று தேர்ச்சி கொடுத்திருந்தார். இப்போது ஓட்டுகிறவள் இடஒதுக்கீட்டில் வந்த முத்துநகை. ஓர் இன்ஜினில் தீ வைத்தார், இறக்கினாள். பனிமூட்டத்தையும் சேர்த்தார், நடுக்கோடு பிசகாமல் இறக்கினாள்.

"இன்னொரு தடவ பாத்துருவோம். பின்னாடி இருநூறு உசிரு இருக்கும்மா."

முத்துநகையின் கழுத்தில் வியர்வை வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாக்கலாம் சார். இந்தத் தடவ நீங்க பக்கத்துல வந்து உக்காருங்க."

பெட்டி எங்கும் பறக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வலது இருக்கையில் அமர்ந்ததும் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். திரையில் ஓடுபாதை விரைந்து வந்தது. வந்தால் யாராலும் விமானத்தை இறக்க முடியாத ஒரு கோளாறைத் தட்டிவிட்டுத்தான் எழுந்து வந்திருந்தார். மேலேறியதும் அது வரும். அதை அழிக்க அவர் கை பின்னால் துழாவியது. பெல்ட் விடவில்லை. சக்கரங்கள் தரையை விட்டன.