பிளக்கைப் பிடுங்கியவர்

நெட்டையண்ணன் கிடங்கு முதலாளிக்குத் தர வேண்டிய கடன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. வாங்கியது ஐயாயிரம்தான். மூன்று வருடம் மூட்டை தூக்கியும், வட்டி குட்டி போட்டு இங்கே வந்து நின்றது.

கூலிகளின் கடன் கணக்கு மொத்தமும் இருந்த கம்ப்யூட்டர் இன்று காலை படுத்துவிட்டது.

"உங்க சாஃப்ட்வேர் பழசு சார்" என்றாள் பழுது பார்க்க வந்த பெண். "அதுக்காக இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யா ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டிருக்கு. அதோட டிஸ்க் மொத்தமும் ஒரே ஃபைல். அதுதான் கெட்டுப்போச்சு. கணக்கு ஏறும்போது யாராவது பிளக்கைப் பிடுங்கினா இப்படி ஆகும்."

முதலாளி திரும்பினார். "யோவ் நெட்டை, நேத்து இங்க கூட்டினது நீதானே?"

"கூட்டினேன் முதலாளி. அதைத் தொடக்கூட இல்ல."

"கணக்கை அழிச்சுட்டுத் தப்பிக்கப் பார்த்தியா? போலீஸ்ல கேட்டா சொல்லுவே!"



முதலாளி பீரோவிலிருந்து பென் டிரைவை எடுத்தார். "நல்லவேளை, நகல் ஒண்ணு இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

"அப்போ பிழைச்சீங்க. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் புகார் எழுதிடறேன். ஆனா என்ன செஞ்சப்போ கெட்டுச்சோ, அதையே திரும்பச் செஞ்சு காட்டினாத்தான் நம்புவாங்க."

நெட்டையண்ணன் முதலாளி கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் முதலாளி. நான்தான் பிடுங்கினேன்."

"வாயைப் பிடுங்கிட்டேன் பார்த்தியா!" முதலாளி துள்ளிக்கொண்டு செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார். "செஞ்சு காட்டுய்யா. கம்பெனிக்கும் ஆச்சு, போலீஸுக்கும் ஆச்சு."

"சார், முதல்ல இன்னொரு நகல் எடுத்துக்கறேன். ஒரு மணி நேரம்..."

"அதுக்கும் கூலி கேப்பே. பென் டிரைவை அப்படியே ஓட்டும்மா. சும்மா ஏன் ஓடணும், இந்த மாச வட்டியையும் ஏத்து!"

வட்டி ஏறத் தொடங்கியது. நெட்டையண்ணன் ஃபேன் வயரில் கை வைத்தார்.

"அது இல்லண்ணே, பக்கத்துல" என்றாள் பெண்.

"முதலாளி, நெஜமாவே பிடுங்கவா?"

"பிடுங்குய்யா!"

பிடுங்கினார்.

அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "நகலும் போச்சு சார். புகாரை மட்டும் தாராளமா அனுப்பலாம்."

போலீஸுக்குக் காட்டலாம் என்று முதலாளி வீடியோவைப் போட்டுப் பார்த்தார். "பிடுங்குய்யா!" என்று அவர் குரல்தான் கணீரென்று கேட்டது. செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே, லாரிக்குப் பக்கத்தில் கூலிகள் சூழ்ந்துகொண்டார்கள். "எல்லார் கடனும் காலியாமே! ஏண்ணே, நேத்து எந்தத் தைரியத்துல பிடுங்கின?"

"நேத்தா? பிளக் எங்க இருக்குன்னே எனக்கு இன்னைக்குத்தான்டா தெரியும்!"