சுவரில் பதினோரு சொற்கள்

அஸர் தொழுகை நேரத்துச் சாய்வெயில் பலகைச் சுவரின் இடுக்குகள் வழியே வந்து பாயில் கோடு கோடாக விழுகிறது. மலாய் நாட்டுக் காஜா பேராங்கில், செய்னம்பு வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் செபுத் தீவுக்காரர் பவுலினோ படுத்திருக்கிறார். வெள்ளைக்காரர் கிளப்பில் அவர் ஊதிய பித்தளைக் கொம்பு ஆணியில் தொங்குகிறது. பக்கவாதம் வந்த அன்றே அவர் இங்கே எல்லோரிடமும் பேசிவந்த மலாய் போய்விட்டது. தாய்மொழி மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து செய்னம்பு ஒவ்வொரு பண்டமாக ஏந்திக் காட்டி, அவர் சொல்லும் பெயரைச் சுவரில் அரபுத்தமிழ் எழுத்தில் கரியால் எழுதி வருகிறாள். துபிக் என்றால் தண்ணீர், ஆசின் என்றால் உப்பு. சோற்றுக்கு ஒரு பெயர், அரிசிக்கு ஒரு பெயர், நெல்லுக்கு இன்னொரு பெயர். "நம்மளப் போலத்தான்" என்று அன்றைக்கு அவளுக்கு ஒரே சிரிப்பு. இன்று கஞ்சி தொடாமலே ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் கூரையைப் பார்த்தபடி கோணிய வாயால் நீளமாக ஏதோ சொல்கிறார். நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கிறார். மறுபடி அதையே சொல்கிறார். கண்ணோரத்து நீர் காதுக்குள் இறங்குகிறது. செய்னம்பு சுவரிலுள்ள பதினோரு சொற்களையும் விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டு போகிறாள். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட அங்கே இல்லை. "என்னண்ணே சொல்றீங்க? எனக்குத் தெரியலியே" என்கிறாள். வெளியே மாட்டுவண்டி ஒன்று மணி குலுங்கப் போய் மறைகிறது. குவளையை எடுத்து, தனக்குத் தெரிந்ததை மெல்லக் கேட்கிறாள்: "துபிக்?" அவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, தாகமில்லாத வாயைத் திறக்கிறார்.