ராணிக்குக் கோபமா?

“ராணிக்குக் கோபமே இல்ல. நீங்க வாசிச்ச விதத்துலதான் கோபம் இருக்கு” என்றார் டீச்சர்.

நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமை வாசகர் வட்டம். வட்டம் என்று பெயர்தான், பேசுவது இரண்டே பேர். ஒருவர் ஓய்வு பெற்ற இலக்கிய டீச்சர். இன்னொருவர் பல் டாக்டர். வாரமெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தன் வாயைத் திறப்பவர். மற்றவர்கள் டீ குடிக்கவும் வேடிக்கை பார்க்கவும் வந்தவர்கள்.

டாக்டர் பழைய நாடகப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்து மறுபடி வாசித்தார். “‘இனி என் வாசலில் உங்கள் நிழல்கூட விழக் கூடாது.’ போருக்குப் போன ராஜா சொன்ன நாள்ல திரும்பல. வாசல்லயே நிறுத்தி விரட்டறா. இது கோபம் இல்லாம கொஞ்சலா?”

“அடுத்த வரியைப் படிங்க.”

“‘தோழி, விளக்குக்கு எண்ணெய் ஊற்று.’”

“விளக்கு எரிஞ்சாத்தானே நிழல் விழும்? விரட்டறவ எதுக்கு எண்ணெய் ஊத்தச் சொல்றா? வாய் பேசறதை மட்டும் கேட்டாப் போதாது டாக்டர், கை என்ன செய்யுதுன்னும் பாக்கணும்.”

“என் பிழைப்பே வாயைப் பாக்கறதுதானே” என்றார் டாக்டர். அறையே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் டீச்சரின் மகள் நெற்றியில் கை வைத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ பேருக்கு வலிக்காமல் ஊசி போட்டவளுக்கு, இந்த ஒரு பேச்சை அம்மாவிடம் எடுக்கத்தான் தைரியம் வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டரின் மகன், கட்டட வரைபடம் போடுகிறவன், குரலைத் தாழ்த்தினான். “பதிவு ஆபீஸ்ல நாள்கூடக் கேட்டு வச்சுட்டேன். நீங்க அடுத்த மாசம் வெளியூர் வேலைக்குப் போறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சாகணும்.”

“எனக்கு இருக்கறது ஒரு அம்மா, உங்களுக்கு இருக்கறது ஒரு அப்பா. சம்மதிக்க வேண்டிய அந்த ரெண்டு பேரும் இப்படி முட்டிக்கிட்டா எப்படி? நீங்களே முதல்ல சொல்லுங்க.”

“நானா? உங்க அம்மா என்னைப் பாத்தாலே எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு.”

அதற்குள் டாக்டர் ஒரு புதுக்கவிதைக்குப் போய்விட்டார்.

“கதவைச் சாத்திவிட்டேன்.
தாழ்ப்பாளைச் சரிசெய்ய
இன்னும் ஆள் வரவில்லை.”

“பாவம், புலம்பல்” என்றார் டீச்சர். “தனியா இருக்கற மனுஷன். கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் இல்ல.”

“கூப்பிட்டதா எங்க எழுதியிருக்கு? இவன் யாரையும் கூப்பிடவே இல்ல டீச்சர். தாழ்ப்பாள் சரியாயிடுமோன்னுதான் பயம். யாராவது தள்ளிப் பாக்க மாட்டாங்களான்னு உள்ள உக்காந்திருக்கான்.”

“கவிதையில இல்லாததை எல்லாம் படிக்கறீங்க.”

“எண்ணெய்ல காதலைப் படிச்சது நீங்கதானே?”

டீச்சர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். “உங்ககிட்டப் பேசறது வீண். அடுத்த வாரத்துலேருந்து நீங்க இந்தக் கூட்டத்துக்கே வர வேண்டாம்.”

கூட்டம் மெல்லக் கலைந்து படியிறங்கியது.

“போச்சு” என்றான் மகன். “வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்சது.”

அவளோ அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வர வேண்டாம் என்று சொன்ன அதே மூச்சில், அந்தக் கை பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து டாக்டரின் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தது. சர்க்கரை போடாத டீ. அம்மாவுக்கோ இரண்டு கரண்டி சர்க்கரை இல்லாமல் தொண்டையில் இறங்காது. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

“எழுந்திருங்க” என்றாள். “கோபமும் இல்ல ஒண்ணும் இல்ல. பேச இதுதான் நேரம்.”

இருவரும் போய் முன்னால் நின்றார்கள். அவள் தொண்டையைச் செருமினாள். “அம்மா, ஒரு கல்யாண விஷயம். நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணியிருக்கோம். நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும்.”

டீச்சரும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, முதல் தடவையாக ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தார்கள்.

“இதைச் சொல்லவா இத்தனை நாள்?” என்றார் டீச்சர். “கடைசி வரிசையில நீங்க குசுகுசுன்னு பேசறதும், எங்களைப் பாத்ததும் வாயை மூடிக்கறதும் எனக்குத் தெரியாதா? எத்தனை நாடகம் நடத்தியிருக்கேன், முகத்தைப் பாத்தாலே அர்த்தம் சொல்லிடுவேன்.”

“நானும் எப்பவோ புரிஞ்சுக்கிட்டேன்” என்றார் டாக்டர். “இந்த ஒண்ணுலதான் டீச்சருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்ல.”

“அப்ப உங்களுக்குச் சம்மதமா அம்மா?”

“பூரண சம்மதம். எனக்குப் பேச்சு ஒண்ணுதான்.”

“அப்பா?”

“டீச்சர் சொன்னதுக்கு அப்புறம் அப்பீல் ஏது? எனக்கும் சம்மதம்.”

மகனுக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அம்மாவின் கையைப் பிடித்து, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்த அந்த டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சொன்ன சொல் மாறக் கூடாதும்மா” என்றாள். “மாப்பிள்ளை இவர் இல்ல, இவரோட அப்பா.”