கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி

வரிசையில் இன்னும் பதினோரு பேர்.

அவள் மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தாள்.

முன்னால் கணவர். நெஞ்சோடு அணைத்த பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் புகைப்படம். அஞ்சலட்டை அளவு, கறுப்பு வெள்ளை. கழுத்தில் மஃப்ளர் சுற்றிய கதாநாயகன் சிரிக்கிறான். அடியில் நீல மையில் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

இருபது வயதில் அவர் எழுதிய ரசிகர் கடிதத்துக்கு வந்த பதில் அது. குடியாத்தம் வீட்டில் சாமி படங்களின் வரிசையிலேயே அதற்கும் ஓர் ஆணி உண்டு. இன்று விடியற்காலையில்தான் சட்டத்திலிருந்து கழற்றினார். அதில் அதே நடிகரிடம் நேரில் இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

முதல் கையெழுத்தைப் போட்டவள் அவள்.

கல்யாணத்துக்கு முன் கோடம்பாக்கத்தில், அந்த நடிகரின் ஆபீசில் வேலை. மூன்று பெண்கள், ஒரு நீள மேஜை, நாளைக்கு இருநூறு படம். நடிகருக்கு மூன்று ஷிப்டு படப்பிடிப்பு. உட்கார்ந்து கையெழுத்துப் போட நேரம் ஏது?

கோட்டோடு நிறுத்த வேண்டும். அவளுக்குக் கை நிற்காது. தன் கையெழுத்துக்கு வைக்கிற இரண்டு புள்ளியைப் பழக்கதோஷத்தில் அவர் கையெழுத்துக்கும் வைத்துவிடுவாள். மேனேஜர் முதலில் திட்டினார். பிறகு, ரசிகன் புள்ளியையா எண்ணப்போகிறான் என்று விட்டுவிட்டார்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் டைப்பிஸ்ட் வேலை என்றுதான் சொன்னார்கள். சினிமா ஆபீஸ் என்றால் சம்பந்தம் கூடிவராது.

கல்யாணமாகி வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்று, சாமி படங்களைக் கும்பிட நிமிர்ந்தவள் தன் புள்ளிகளைப் பார்த்தாள்.

"அவரே கைப்பட போட்டது," என்றார் புது மாப்பிள்ளை.

அவள் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்து நான்கு வருடச் சோறு. குழம்பில் உப்பில்லை என்பதையே இரண்டாம் கவளத்தில்தான் கண்டுபிடிக்கிற மனிதர். அந்தத் தைரியம்தான். மகளின் ரேங்க் கார்டு வந்தால்கூட அவளிடமே நீட்டுவார். "நீயே போடு. உன் கையெழுத்துதான் லட்சணமா இருக்கு."

ரசிகர் சந்திப்பு மூன்று மணிக்கு. காலையிலேயே ரயில் கொண்டுவந்து விட்டுவிட்டது. மதியம்வரை எழும்பூர் மியூசியம். அவர் வாயில் அதற்கு இன்றும் பழைய பெயர்தான், செத்த காலேஜ்.

வெண்கலச் சிலைகள் இருந்த அறையில், ஓர் அம்மன் முன்னால் நெடுநேரம் நின்றார். இடுப்பு வளைவில் மயங்கிவிட்டார் என்று நினைத்து அவள் முழங்கையால் இடித்தாள்.

"எந்த நூற்றாண்டுன்னு போட்டிருக்கான். கிடைச்ச ஊரைப் போட்டிருக்கான். செஞ்சவன் பேரைக் காணமே."

"அவன் இதை முடிச்சிட்டு அடுத்த சிலைக்குப் போயிருப்பான். பசிக்குது, வாங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி சிலையைப் பார்த்தார்.

இப்போது இந்த மண்டபம். வடபழனியில் ஒரு கல்யாண மண்டபம். அந்தக் காலத்து நட்சத்திரங்கள் ஆறு பேர், ஆறு மேஜை. இந்த மேஜையில்தான் கூட்டம் அதிகம். வெள்ளைச் சட்டையில், இளைத்துப்போய், அந்த மஃப்ளர் கதாநாயகன்; சிரிப்பு மட்டும் அப்படியே.

வரிசை நகர்ந்தது. நான்கு பேர். மூன்று பேர்.

கணவருக்கு முன்னால் நின்றவரும் ஒரு பழைய படத்தை நீட்டினார். அதே மஃப்ளர். அதே நீல மை. மேஜையருகே நின்ற உதவியாளர் பெண் அதை வாங்கிப் பார்த்தாள்.

"இது சார் போட்டது இல்லீங்க. அப்பல்லாம் ஆபீஸ்ல இருந்தவங்க போட்டு அனுப்புவாங்க."

நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

அந்த மனிதர் சிரித்தார். பிறகு படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுக் கையெழுத்து வாங்காமலே போய்விட்டார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்கு இருநூறு படம். இத்தனை வருடமாக எத்தனை வீட்டில் எத்தனை ஆணி. அதெல்லாம்கூடப் போகட்டும். இவரும் அப்படித் திரும்பிப் போவதைப் பார்க்க அவளால் முடியாது.

"கால் கடுக்குது. போயிடலாம், வாங்க."

"நம்ம முறை வந்துடுச்சு," என்றார்.

உறையிலிருந்து படத்தை எடுத்தார். உதவியாளர் கை நீட்டுவதற்குள் மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தார்.

"பின்னாடி போடுங்க சார். முன்னாடி இடமில்லை."

முன்னால் இடம் இருந்தது. தாராளமாக இருந்தது.

நடிகர் பேனாவைத் திறந்தார்.

"யார் பேருக்குங்க?"

கணவர் ஒதுங்கி, அவள் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தினார்.

"தமயந்திக்குன்னு போடுங்க."

அவள் பெயரை நடிகர் எழுதினார். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, பள்ளிப் பிள்ளை எழுதுவது போல. அடியில் தன் கையெழுத்து. அதற்குக் கீழே ஒரு கோடு.

பேனாவை வைத்தார்.

கணவர் அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"புள்ளி பாக்கி இருக்கு பாரு."