வாவிக்குட்டிக்குக் களுசான்

"இல்ல நிலோஜன், நீ என்ன கதைக்கிறாய்? வாவிக்குட்டிக்குக் களுசான் போட்டது எங்கட வாப்பாவாம். உனக்கு ஆரு சொன்ன? அவளே பேப்பரால எழும்பி வந்து காதுக்குள்ள சொன்னதா?"

இர்ஷானா போனுக்குள்ள பொரிஞ்சு தள்ளினாள். விடிஞ்சதுல இருந்து இது மூண்டாவது வொய்ஸ் மெசேஜ்.

விஷயம் இதுதான். ஒரு வாரப் பேப்பர்ட சிறுவர் பக்கத்துல முப்பது வருஷமா வாவிக்குட்டி எண்டு ஒரு கார்ட்டூன் வருது. ரெண்டு பின்னல், முழங்காலுக்கு மேல கவுன், கையில இறால் கூடை. ஒவ்வொரு கிழமையும் வாவிக்குள்ள இறங்கி ஏதாவது கூத்துக் காட்டுவாள்.

போன கிழமை கவுனுக்குக் கீழ நீட்டுக் களுசானோட, அதான் முழுக் கால்சட்டையோட, வந்தாள். அவ்வளவுதான், மட்டக்களப்பே ரெண்டாப் பிரிஞ்சிட்டு.

"வாவிக்குட்டிட கால் ஆருக்குக் குத்துது?" எண்டு ஒரு கூட்டம். "பொம்புளப்புள்ள ஒழுக்கமா உடுத்தா நல்லந்தானே" எண்டு மற்றக் கூட்டம்.

அந்தப் பக்கத்துக்குக் கீழ எப்பவும் காத்தான்குடி பக்கீர் ஹாஜியார்ட புடவைக்கட விளம்பரம் வரும். இர்ஷானாட வாப்பா. இது காணாதா அவளோட கெம்பஸ்ல படிக்கிற நிலோஜனுக்கு? ரெண்டையும் முடிச்சுப் போட்டு, 'நம்மட பிள்ளைட காலை மூடினவன்ட கடையில ஒரு துண்டுத் துணியும் வாங்காதீங்க' எண்டு முகநூல்ல எழுதிட்டான். ஊரெல்லாம் அதப் பகிருது.

தீபாவளிக்கு ஒம்பது நாள். வெல்லாவெளியில இருந்து குடும்பத்தோட வந்து துணி எடுக்கிற சனத்தக் காணல்ல. வாப்பா மடிச்ச சீலைகளையே திரும்ப மடிச்சிக்கிட்டு இருந்தார்.

"வாப்பா, நீங்க ஏதும் சொன்னீங்களா?"

"நான் விளம்பரத்துல போன் நம்பர் சரியா எண்டு மட்டும்தான் பாக்கிற மகள். மேல ஆடு நிண்டாலும் எனக்குத் தெரியா."

இர்ஷானா சும்மா இருக்கல்ல. 'மூடி உடுத்தா உனக்கு எங்க நோகுது? மானமுள்ளவள் அப்பிடித்தான் உடுப்பாள்' எண்டு தன்ட பங்குக்குப் போட்டாள். மறுகா ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு மண்முனைப் பாலம் தாண்டிப் போனாள். வாவிக்குட்டியக் கீறுற ஆர்ட்டிஸ்ட் கஜானிட வீடு அங்கதான்.

"அக்கா, ஆரு உங்களுக்கு இதக் கீறச் சொன்ன? எங்கட வாப்பா இல்ல எண்டு ஒரு வீடியோவுல சொன்னாக் காணும். கட படுத்திட்டு."

"ஒருத்தரும் சொல்லல்ல."

"அப்ப நீங்களாவே ஒழுக்கத்துக்கு எண்டு..."

"ஒழுக்கமா?" கஜானி பேனையக் கீழ வச்சாள். "அந்தப் பதிவு போட்டவன்தான் விசரன் எண்டு பாத்தா நீயும் அதத்தான் கதைக்காய். வா இங்கால."

வீட்டுக்குப் பின்னால வாவி. முழங்கால் தண்ணிக்குள்ள முட்டி போட்டு மூண்டு பொம்புளைகள் கையால இறால் தடவிக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒரு ஆள் கூடையோட கரையேறி வந்தா. தூக்கிச் செருகின பாவாடைக்குக் கீழ நீட்டுக் களுசான். ஒரு காலத்துல வெள்ளையா இருந்திருக்கும், இப்ப சேத்து நிறம்.

"அடியில சிப்பி ஓடு. வெறுங்காலோட முட்டி போட்டா பிளேட்டால கீறினமாதிரிக் கிழிச்சிரும்" எண்டாள் கஜானி. "இவவ நான் தினமும் ஜன்னலால பாக்கன். வாவிக்குட்டிக்கு மட்டும் என்ன, இரும்புக் காலா?"

இர்ஷானா போனை எடுத்து முதல்ல தன்ட பதிவ அழிச்சாள். பிறகு அந்தப் பொம்புளைக்குக் கிட்டப் போனாள்.

"மாமி, உங்கள ஒரு போட்டோ எடுக்கட்டா? எங்கட கெம்பஸ் குரூப்புல எல்லாருக்கும் காட்டோணும்."

"இந்தக் கோலத்திலயா?"

"இந்தக் கோலம்தான் வேணும். ஒரு கார்ட்டூன் பிள்ளைக்கு இப்பிடிக் களுசான் போட்டதுக்குத்தான் ஊரே சண்டை பிடிக்குது."

அவ சிரிச்சா. "வேற வேல இல்லையா சனத்துக்கு? இது என்ட மகன் பள்ளிக்கூடம் போகக்குள்ள போட்டது. அவன் விடுதிக்குப் போன நாள்ல இருந்து நான்தான் போடுறன். இடுப்புக் கொஞ்சம் பெரிசு, கயிறு கட்டியிருக்கன். எடுங்க மகள், கூடையும் தெரியட்டும், இண்டைக்கு நல்ல இறால்."

எடுத்தாள்.

"மகனுக்கும் ஒண்டு அனுப்பிவிடுங்க. அவனும் வந்தாறுமூலைக் கெம்பஸ்லதான் படிக்கான். உங்கட குரூப்புல இருப்பான்."

"பேரென்ன மாமி?"

"நிலோஜன்."

இர்ஷானா போட்டோவக் குரூப்புல போட்டாள். பிறகு, குரலே உயராம, ஒரு வொய்ஸ் மெசேஜ்:

"நிலோஜன், உன்ட அம்மா இத உனக்கு அனுப்பச் சொன்னா. இறால் தடவித்தான் உன்னப் படிப்பிக்கா போல. அவவுக்கு அந்தக் களுசானப் போட்டுவிட்டது எங்கட வாப்பாவா, நீயா? எனக்குத் தனியா மெசேஜ் போடாத. இருநூத்திப் பதினாறு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க, இங்கயே சொல்லு."