வாழையடிக் குளிசை

"நாக்கத் தூக்குங்க."

அபுல் ஹஸன் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒன்றுமில்லை. மனைவி சுபைறா தண்ணீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு, களைத்த கண்களோடு குசினிக்குத் திரும்பினாள்.

மருந்துக் குளிசை அவருடைய கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில் மனிதர் கற்றுக்கொண்ட புது வித்தை அது. பின்வாசலால் இறங்கி வாழையடியில் துப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். மூன்று மாதமாக இதுதான் நடக்கிறது.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போதே பெரிய டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். உள்ளே வைத்த கம்பி வலையில் இரத்தம் உறையாமல் இருக்கத்தான் இந்தக் குளிசை, ஒரு வருஷத்துக்கு ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் திடீரென்று அடைத்துவிடும், ஆஸ்பத்திரிக்கு வரக்கூட நேரம் இருக்காது என்றார்.

இரண்டு மாதம் ஒழுங்காகக் குடித்தார். பிறகு அலுத்துப்போனது. எங்கே கை பட்டாலும் தோல் கன்றி நீலம் பாரித்தது. மிஸ்வாக் குச்சியால் பல் துலக்கினால் பல் முரசில் இரத்தம் வந்தது. உயிரோடு இருப்பதே ஒரு வேலையாகிப்போன களைப்பு அவருக்கு. நிந்தவூர்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கூட்டாளி றஸாக், கம்பிதான் வைத்தாயிற்றே, மறுகா என்னத்துக்குக் குளிசை என்று கேட்டது அந்தக் களைப்புக்கு நல்ல நியாயமாகப் பட்டது.

ஆனால் கருஞ்சீரகத்தை மட்டும் அவர் விடவில்லை. அது நபிவழி வந்த சுன்னத்தான மருந்து. விடியலில் சுபஹு தொழுத கையோடு சுபைறா சின்ன உரலில் இடித்து, தேனில் குழைத்து ஒரு கரண்டி தருவாள். அதை நக்கித் துடைத்துக் குடிப்பார். தன்னை நடமாட வைத்திருப்பது அந்தக் கரண்டிதான் என்று றஸாக்கிடம் பெருமையும் அடித்தார்.

ஒன்றுதான் விளங்கவில்லை. குளிசையை விட்டு இவ்வளவு நாளாகியும் கையில் அந்த நீலக் கண்டல்கள் போகவில்லை. முதலில் குடித்ததன் வேகம் இன்னும் உடம்பில் கிடக்கிறது என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டார்.

குளிசை ஒளித்த அதே கடைவாய்ப் பல்தான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. மூன்று நாளாக வலி, சோறு இறங்கவில்லை. கல்முனையில் ஒரு பல் டொக்டரிடம் போக பஸ் ஏறினார். வேண்டாம் என்றாலும் கேட்காமல் சுபைறாவும் கூடவே வந்து, டொக்டரின் அறை வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பல் டொக்டர் கிருசாந்தி வாயைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டாள். பல் பிடுங்குவதென்றால் இரத்தக் குளிசையை முதலே விட்டிருக்க வேண்டும் என்று கடையில் பேசிக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. இதில் நாம் முன்னுக்கு நிற்கிறோம் என்ற நினைப்பில் சொன்னார்.

"ஸ்டென்ட் வச்சி அஞ்சி மாசம், டொக்டர். இரத்தக் குளிசைய நிப்பாட்டி மூணு மாசமாகுது. கையோட புடுங்கலாம்."

கிருசாந்தி கையிலிருந்த வாய் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

"ஆர் ஐயா நிப்பாட்டச் சொன்ன?"

அவள் சத்தம் போடவில்லை, அதுதான் அவரைப் பயப்படுத்தியது. பல் பிடுங்கக்கூட இதய டொக்டரைக் கேட்காமல் அந்தக் குளிசையைத் தொடக்கூடாது, எந்த நேரமும் அடைக்கலாம், பல் கிடக்கட்டும், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள் என்று கடிதம் எழுதத் தொடங்கினாள்.

அபுல் ஹஸனுக்கு வியர்த்தது. நெஞ்சு இறுகுவது போலவும் இருந்தது. வாழையடியில் புதைந்து கிடக்கும் அத்தனை குளிசையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அலுத்துப்போன உயிர்தான், ஆனாலும் கையை விட்டுப் போகப்போகிறது என்றதும் அதன்மேல் அப்படி ஓர் ஆசை வந்தது.

"சுபைறா" என்று கூப்பிட்டார்.

அவள் எழும்பி உள்ளே வந்தாள்.

"உன்ன ஏமாத்திட்டன் புள்ள. மூணு மாசமா ஒரு குளிசையும் முழுங்கல்ல, எல்லாத்தையும் வாழையடியில துப்பின. நான் மௌத்தாகப் போறன், என்னப் பொறுத்துக்க."

சுபைறா திடுக்கிடவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து, நெடுந்தூரம் நடந்து வந்தவளைப் போல அதில் அமர்ந்தாள். முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். பிறகு அவருடைய சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்த இடத்தை டொக்டரிடம் காட்டினாள்.

"இது முந்தாநாள் கதவுல பட்டது."

கிருசாந்தி அந்தக் கண்டலைப் பார்த்தாள். குளிசையை விட்ட மனிதருக்கு இது எப்படி என்று கேட்பது போலச் சுபைறாவையும் பார்த்தாள்.

"வாழைக்குப் போனது சத்துக் குளிசை, டொக்டர்" என்றாள் சுபைறா. "துப்புறதக் கண்ட நாள்ல இருந்து இரத்தக் குளிசை கருஞ்சீரகத்தோட இடிபட்டு இவர்ர வயித்துக்குள்ளதான் போகுது."