தானே படிக்கும் பாடம்

பழனி பாடப் புத்தகத்தைக் கை எட்டும் மட்டும் நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையைத் தடவினார்.

"எழுத்து இப்ப நல்லா பெரிசாத்தான் இருக்கு மேடம். கண்ணாடியை வீட்டுல மறந்து வச்சுட்டு வந்துட்டேன்."

சொர்ணலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எழுத்து பொடியாக இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை இதே பழனி சொன்னதால்தான், முதல் பாடத்தைக் கொட்டை எழுத்தில் மறுபடி அச்சடித்துக்கொண்டு, விஜயநகரில் பாதி கட்டி நிற்கும் இந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

மைசூரில் ஒரு தொலைநிலைக் கல்வி நிறுவனத்தில் பாடம் தயாரிப்பது அவள் வேலை. கட்டட வேலை செய்யும் தமிழ்க் குடும்பத்துக்காரர்கள் வீட்டிலிருந்தே படித்து சூப்பர்வைசர் ஆகலாம் என்று ஒரு புதிய படிப்பு. தமிழர்களுக்குத் தமிழிலேயே பாடம் என்று இயக்குநர் பெருமையாக அறிவித்துவிட்டு, அலுவலகத்தில் இருந்த ஒரே தமிழ்ப் பெண்ணின் தலையில் பொறுப்பைக் கட்டிவிட்டார். முதல் பாடத்தை இரண்டு பேரிடம் கொடுத்துச் சோதித்து, நாளைக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

அவள் உழைப்பில் குறை சொல்ல முடியாது. மூன்று மாதம் முதுகொடிய உட்கார்ந்து தயாரித்த பாடம் அது. ஒவ்வொரு படத்தையும் நாலு தடவை திருப்பி அனுப்பி வரைந்து வாங்கியிருந்தாள். மொழிபெயர்க்கக் கொடுத்திருந்த சென்னைக்காரர்களிடமிருந்து தமிழ்ப் பிரதி வந்ததும் அரை மணி நேரத்தில் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தாத முதல் ஆள் நீங்கள்தான் என்று சென்னைக்காரர்கள் போன் போட்டு நன்றி சொன்னார்கள்.

ஆனாலும் சோதனைதான் படுத்தியது. மேஸ்திரி பழனியும், சிமென்ட், கம்பி வைத்திருக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் தாரணியும்தான் அந்த இரண்டு பேர். போன வாரம் அலுவலகத்தின் கன்னடப் படிவத்தில் மளமளவென்று பெயர், விலாசம் எல்லாம் நிரப்பி, பாடம் பிரமாதம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பாடத்தின் கடைசியில் இருந்த ஐந்து கேள்விகளுக்கு மட்டும் இருவரும் தந்தது வெள்ளைத்தாள்.

இன்றைக்கு தாரணி கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருப்பதாகச் சொன்னாள். முதல் பக்கத்தை மேடமே வாசித்துக் காட்டினால் மிச்சத்தைத் தாங்கள் பிடித்துக்கொள்வோம் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

சொர்ணலதா அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். தொலைநிலைக் கல்வியில் பாடம்தான் பேச வேண்டும், ஆசிரியர் வாயைத் திறந்தால் சோதனையே செல்லாது என்று நீளமாக விளக்கினாள். நாளைக்கு எங்கேயோ தூரத்தில், ராமாபுரத்தில் ஒருத்தர் இந்தப் படிப்பில் சேர்ந்தால் அவருக்குப் போய் யார் வாசித்துக் காட்டுவது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

"வீடு பக்கத்துத் தெருதானே அண்ணா? கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

பழனி எழுந்தார். இரண்டடி நடந்தார். திரும்பி வந்து, தாரணியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கண்ணாடியே கிடையாது மேடம், சும்னே சொன்னேன். நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான். படிச்சது கன்னட ஸ்கூலு. வீட்டுல தமிழ் பேசுவோம், அவ்ளோதான். இதுல ஒரு எழுத்தும் தெரியாது. இந்தப் பொண்ணும் அதே கதைதான்."

தாரணி நிமிரவே இல்லை. தமிழ்க்காரர்கள் என்று தேடி வந்தவரிடம் தமிழ் படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

நல்ல திட்டு விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள். சொர்ணலதா பக்கத்தில் இருந்த சிமென்ட் மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நாளைய அறிக்கையை நினைத்துப் பயமாக இருந்தது. ஆனால் கோபம் மட்டும் ஏனோ வரவில்லை.

நாளைய அறிக்கையை நம்பித்தான் தன் வேலை இருக்கிறது என்று அவள் சொன்னதும் பழனிக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு வழி அகப்பட்டதும் முகம் மலர்ந்தது.

"அறிக்கைக்கு ரெண்டு வாரம் டைம் கேளுங்க மேடம். அதுக்குள்ள எங்களுக்குத் தமிழ் எழுத்தை நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க. கன்னடம் படிச்சவங்களுக்கு இது என்ன பெரிய வித்தை? இப்பவே ஆரம்பிச்சுடலாம்."

அவர் புத்தகத்தை அவள் மடியில் வைத்து, அட்டையில் இருந்த முதல் எழுத்தின்மேல் விரலை வைத்தார். தாரணியும் ஆசையாக நகர்ந்து வந்து குனிந்தாள். இது என்ன எழுத்து என்று கேட்டார் பழனி.

சொர்ணலதா அந்த எழுத்தைப் பார்த்தாள். வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானும் கன்னட மீடியம்தான் அண்ணா."